ரிக்வுட் ஃபீல்டு: எது அசல், எது ஒட்டு?

கொக்கிப்பந்து

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் இருக்கும் ரிக்வுட் ஃபீல்டைப் பற்றி எங்கே படித்தாலும் அதே மூன்று வரிதான். 1910இல் திறந்தது, அமெரிக்காவில் இன்னும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் மிகப் பழையது, பேஸ்பால் நட்சத்திரம் வில்லி மேஸ் ஆடிய இடம். அதற்குமேல் யாரும் போவதில்லை. இழையில் இருப்பவர்களிடம் மூன்று கேள்வி. 1910இல் கட்டியதில் இன்று மிச்சம் எது? 2024 ஜூனில் இங்கே நடந்த மேஜர் லீக் (நாட்டின் முதல்தர லீக்) ஆட்டத்துக்காக என்னவெல்லாம் மாற்றினார்கள்? நடு அவுட்ஃபீல்டு (பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேரெதிரே, களத்தின் கடைசிப் பகுதி) 470 அடி என்று ஒரு கணக்கும் 400ஐ ஒட்டி இன்னொரு கணக்கும் வருகிறதே, எது சரி?

எஃகுத்தூண்

முதல் கேள்விக்கு ஒற்றைத் தேதியில் பதில் கிடையாது. அங்கே கண்ணில் படுவது நாலைந்து காலம் ஒன்றன்மேல் ஒன்றாக.

1910: ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வளைந்து வரும் பார்வையாளர் மேடையின் எஃகுச் சட்டமும் கான்கிரீட்டும். கட்டியவர் இரும்புத் தொழிலதிபர் ரிக் வுட்வர்ட். பெயர்க் காரணமும் அதுதான்: 'ரிக்', அதோடு வுட்வர்டில் பாதி. செலவு 75,000 டாலர். அதற்கு முந்தைய வருஷம்தான் பிட்ஸ்பர்கில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் ஃபிலடெல்ஃபியாவில் ஷைப் பார்க்கும் திறந்திருந்தன. மரம் போய் எஃகும் கான்கிரீட்டும் வந்த முதல் தலைமுறை. ஷைப் பார்க் அணியின் மேலாளர் கானி மாக்கிடமே களத்தின் அமைப்புக்கு யோசனை கேட்டிருக்கிறார் வுட்வர்ட். ஊரின் மைனர் லீக் (இரண்டாம் தர லீக்) அணியான பர்மிங்ஹாம் பாரன்ஸ் அதுவரை ஆடிய இடத்துக்கு 'கசடுக் குவியல் மைதானம்' என்று பட்டப்பெயர். இரும்பு உருக்கிக் கொட்டிய கசடு மேட்டில் ஏறி நின்று காசு கொடுக்காமல் ஆட்டம் பார்ப்பார்களாம். அங்கிருந்து எஃகு மேடைக்கு வந்ததென்றால் சும்மா இல்லை.

1928: தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் ஸ்பானிய மிஷன் பாணி முகப்பு. நிறையப் பேர் அதைப் படம் எடுத்துப்போட்டு '1910 முகப்பு' என்று எழுதுகிறார்கள், தப்பு. வலது ஃபவுல் லைன் பக்கம் கூரை நீண்டதும் அந்த 1920களின் விரிவாக்கத்தில்தான். அவுட்ஃபீல்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் வெளிச்சுவரும் 1928தான்.

1936: மின்விளக்குகள். மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் சின்சினாட்டியில் 1935இல். மறுவருஷம் ரிக்வுட்டிலும் விளக்குப் போட்டார்கள். மேடைப் பக்கத்துக் கம்பங்கள் தரையில் ஊன்றியவை அல்ல. மேடைக் கூரைமேல் நின்று, கழுத்தை நீட்டிக் களத்துப் பக்கம் சாய்ந்திருக்கும். கூரைக்குப் பின்னால் கம்பம் நட்டால் கூரையின் விளிம்பே களத்தின் முன்பகுதியில் நிழல் போடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. என் கணக்கில் ரிக்வுட்டின் அடையாளம் முகப்பு அல்ல, இந்தக் கோபுரங்கள்தான்.

ஸ்கோர்புத்தகம்

எஃகுத்தூண் விட்டுவிட்ட அடுக்கு ஒன்று இருக்கிறது: 1990கள். கையால் எண் மாட்டும் ஸ்கோர்போர்டு, அவுட்ஃபீல்டு வேலியில் பழங்கால விளம்பரங்கள், இதையெல்லாம் பார்த்து உருகாதவர் இல்லை. பழங்கால பேஸ்பால் வீரர் டை காப் பற்றிய படத்தின் படப்பிடிப்பு 1994வாக்கில் இங்கே நடந்தபோது அந்தக் காலத் தோற்றத்துக்காகச் செய்தவை அவை. படம் முடிந்ததும் பிரித்துப் போகாமல் விட்டுவைத்தார்கள், பின்னால் பராமரிக்கவும் செய்தார்கள். பழைய படங்களைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள் என்பதால் போலி என்று திட்ட மாட்டேன். ஆனால் அது செட்.

செட்டும் அசலும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் நிற்க ஒரு காரணம் உண்டு. 1987 சீசனோடு பாரன்ஸ் அணி புறநகர் ஹூவருக்குப் போய்விட்டது. குடியிருக்கும் அணி இருந்திருந்தால் சொகுசு அறை, மின் ஸ்கோர்போர்டு, பிளாஸ்டிக் நாற்காலி என்று பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது இடித்துக் கட்டியிருப்பார்கள். காலியாகக் கிடந்ததால் தப்பியது. 1992இல் ரிக்வுட் நண்பர்கள் என்ற அமைப்பு வந்தது. 1996இலிருந்து பாரன்ஸ் பழைய சீருடையில் வந்து ஒரு ஆட்டம் ஆடும் 'ரிக்வுட் கிளாசிக்' தொடங்கியது.

இடதுகை

மூன்றாவது கேள்விக்கு நான். 470ம் சரி, 400ஐ ஒட்டியதும் சரி. இரண்டும் வேறு வேறு சுவர்.

வெளியே இருப்பது 1928 கான்கிரீட் சுவர். உள்ளே, ஆட்டத்தின் எல்லையாகக் கணக்கு வைப்பது பிற்பாடு போட்ட வேலி. 470 அடி என்றால் சுமார் 143 மீட்டர். பெரிய கிரிக்கெட் மைதானத்தில்கூட ஆடுகள நடுவிலிருந்து எல்லைக்கோடு 82 மீட்டர்தான். 1910களின் பந்து மந்தமானது, காற்றில் அவ்வளவு பறக்காது. அதனால் அந்தத் தூரம் யாருக்கும் உறுத்தவில்லை. நடுவில் விழுந்து ஓடுகிற பந்துதான் மூன்று பேஸ் அடி. பந்து மாறி, ஹோம் ரன் பார்க்கவே கூட்டம் வர ஆரம்பித்த பிறகு அந்த இடம் ரொம்ப விசாலமாகிவிட்டது. சுவரை இடித்துக் கட்டுவதைவிட உள்ளே வேலி போடுவது மலிவு.

1948இல் பாரன்ஸ் வீரர் வால்ட் ட்ரோப்போ அடித்த பந்து அந்தக் கான்கிரீட் சுவரிலேயே போய் மோதியது. மோதிய இடத்தில் வெள்ளையில் X குறி போட்டு வைத்தார்கள், ஹோம் பிளேட்டிலிருந்து 467 அடி. ஆறடி ஐந்து அங்குல ஆள். 1950இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் அவர்தான்.

மண்மேடு

இரண்டாவது கேள்வி, 2024. களத்தை அப்படியே தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள்: வடிகால், புதுத் தரை, புதுப் புல். வீரர்கள் உட்காரும் டக்அவுட்கள் பெரிதாயின. வேலிக்கு மெத்தை, பார்வையாளர் பக்கம் நீண்ட வலை. மேடை அசல், தரை அசல் இல்லை. புரிந்துகொள்ள இதுபோதும்.

ஏன் தரையை முழுக்க மாற்ற வேண்டியிருந்தது? ஊர்மண்ணில் போட்ட பழைய களத்தில் தண்ணீர் கீழே இறங்காது, சரிவில் வழிந்துதான் போகும். அதனால் அவற்றுக்கு 1 முதல் 1.5 சதவீதம் சரிவு வைப்பார்கள். வருஷக்கணக்கில் மேலே மண் கொட்டி, மிதிபட்டு, சரிவு அங்கங்கே குழிந்துபோகும். அப்புறம் ஒரு மணி நேர மழைக்கு ஒரு நாள் ஆட்டம் போச்சு. மணல் அடித்தளம் போட்டால் தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். வழக்கமான அடுக்கு இது: அடியில் கெட்டித்த மண், அதில் பள்ளம் வெட்டித் துளைக் குழாய், மேலே 4 அங்குலம் சின்ன ஜல்லி, அதன்மேல் 10 முதல் 12 அங்குலம் அளவு பார்த்த மணல் கலவை, அதன்மேல் புல் பாய். இதற்கு அரை சதவீதச் சரிவு போதும், கண்ணுக்குத் தெரியாது.

கவனிக்க வேண்டியது புல் பாயின் மண். களிமண்ணில் வளர்த்த பாயைக் கொண்டுவந்து மணல்மேல் விரித்தால், அந்தக் கால் அங்குலக் களிமண் மூடிபோல அடைத்துக்கொள்ளும். கீழே 12 அங்குல மணல் இருந்தும் மேலே தண்ணீர் நிற்கும். ஒன்று, மணலில் வளர்த்த பாய் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வேரின் மண்ணைக் கழுவிவிட்டு விரிக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்த்தவர்கள் அப்புறம் வருஷாவருஷம் துளை போட்டு மணல் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள்.

கொக்கிப்பந்து

புல் சரி. ஓடுகிற பாதையிலும் பேஸ்களைச் சுற்றியும் இருக்கும் அந்தச் செம்மண்? அது சாதா மண்ணா?

மண்மேடு

சாதா மண் இல்லை. இன்ஃபீல்டு (பேஸ்கள் இருக்கும் உள்பகுதி) கலவையில் 60 முதல் 70 சதவீதம் மணல், மீதி வண்டலும் களியும். அந்த மீதியில் வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். வண்டலைக் களியால் வகுத்தால் அரையிலிருந்து ஒன்றுக்குள் வர வேண்டும். வண்டல் கூடினால் காய்ந்ததும் புழுதி, நனைந்ததும் சேறு. களி ரொம்பக் கூடினால் வெடிக்கும், ஷூ ஆணியில் கட்டியாகப் பெயர்ந்து வரும். மேலே கால் முதல் அரை அங்குலம் சுட்ட களிமண் குருணை தூவுவார்கள். பந்து சீராக எகிறவும், சறுக்கி விழுகிறவன் தோல் உரியாமல் இருக்கவும்.

பழைய களம் எல்லாவற்றுக்கும் பொதுவான வியாதி 'உதடு'. செம்மண்ணும் புல்லும் சேரும் விளிம்பில் மெல்ல வரப்பு எழும். செம்மண்ணை மட்டமாக்கத் தினமும் இரும்பு வலை இழுக்கும்போதும், காற்றிலும் மழையிலும் மண் நகர்ந்து புல்லின் ஓரத்தில் போய்த் தங்குகிறது, புல் அதன்மேலேயே ஏறி வளர்ந்துவிடுகிறது. ஒரு அங்குல உதடு போதும், தரையோடு வரும் பந்து ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) தாடைக்கு எகிறும். மழை பெய்தால் அந்த வரப்பே அணை. மருந்து சிக்கல் இல்லை, சோம்பல் இல்லாமல் இருந்தால் சரி: புல் விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் வலையைக் கொண்டுபோகக் கூடாது, ஆட்டம் முடிந்ததும் விளிம்பைத் துடைப்பத்தால் செம்மண் பக்கம் கூட்டித் தள்ள வேண்டும், வாரம் ஒருமுறை தண்ணீர்க் குழாயால் கழுவிவிட வேண்டும். விட்டுவிட்டால் விளிம்பைப் பாயோடு அறுத்தெடுத்து மண்ணை மட்டமாக்கித் திரும்பப் போடுவதுதான் வழி.

இடதுகை

பிட்சர் (பந்து வீசுபவர்) நின்று வீசும் மேட்டை, அதாவது மவுண்டையும் சொல்லுங்கள் சார். பெயரையே அதிலிருந்துதானே எடுத்திருக்கிறீர்கள்.

மண்மேடு

:) சரி. 18 அடி விட்டமுள்ள வட்டம். அதன் மையம் ஹோம் பிளேட்டின் பின்முனையிலிருந்து 59 அடி. பிட்சர் காலை வைத்து வீசும் ரப்பர் பலகை 24க்கு 6 அங்குலம், அதன் முன்விளிம்பு 60 அடி 6 அங்குலத்தில். அதாவது பலகை மையத்தில் இல்லை, ஒன்றரை அடி பின்னால். முதல்முறை போடுகிறவர்கள் தடுமாறுகிற இடம் இது. பலகையின் உயரம் ஹோம் பிளேட்டைவிட 10 அங்குலம். பலகைக்கு முன்னால் 6 அங்குலம் மட்டம், அங்கிருந்து அடிக்கு ஓர் அங்குலம் வீதம் ஆறு அடிக்குச் சரிவு. 1968 வரை 15 அங்குல உயரம் அனுமதி. பிட்சர்கள் ரொம்ப ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்று 1969இல் 10க்கு இறக்கினார்கள். ரிக்வுட்டில் அந்தக் காலப் பிட்சர் சாட்செல் பேஜ் வீசிய காலத்து மேடும் இன்றைய மேடும் ஒன்றல்ல.

மேட்டில் பழுதாவது இரண்டே இடம்: பலகையின் முன்பக்கம், பிட்சரின் முன்கால் வந்து ஊன்றும் இடம். அங்கே இன்ஃபீல்டு கலவை நிற்காது, 40 சதவீதமாவது களி இருக்கிற மண் வேண்டும். ஆட்டம் முடிந்ததும் குழியிலுள்ள உதிரியைச் சுத்தமாகக் கூட்டி எடு. அடிமண்ணை ஈரமாக்கு, குளமாக்காதே. ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் புதுக் களி போட்டு இடிகட்டையால் இடி. மறுபடி ஈரம், மறுபடி ஓர் அங்குலம். கடைசியில் ஈரம் போகாமல் தார்ப்பாய் மூடு. உதிரியை எடுக்காமல் மேலேயே போட்டு இடித்தால் மறுநாள் இரண்டாவது இன்னிங்ஸில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வரும். பழசும் புதுசும் ஒட்டுவதற்கு நடுவில் ஈரம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

செவ்வந்தி

பாடப் புத்தகம் மாதிரி நல்லா இருக்கு. ஒரு சந்தேகம்: மைக்கேல் ஜோர்டன் பர்மிங்ஹாம் பாரன்ஸுக்கு ஆடினாரே, அது ரிக்வுட்லதானே?

ஸ்கோர்புத்தகம்

இல்லைங்க. ஜோர்டன் ஆடியது 1994 சீசன். பாரன்ஸ் 1988லேயே ஹூவர் மைதானத்துக்குப் போயாச்சு. அணி ஒன்று, வீடு வேறு. 2013இல் அந்த அணி மறுபடி நகருக்குள் ரீஜன்ஸ் ஃபீல்டுக்கு வந்தது, ரிக்வுட்டுக்குத் திரும்பவில்லை. பின்னால் பெரிய நட்சத்திரமான ரெஜி ஜாக்சன் ரிக்வுட்டில் ஆடினார் என்றால் சரி: 1967, அப்போது அணிக்குப் பெயர் பர்மிங்ஹாம் ஏஸ்.

இந்த இழையில் மண்ணும் சுவரும் நிறையப் பேசியாச்சு, உட்கார்ந்தவர்களைப் பேசவில்லை. வலது அவுட்ஃபீல்டு பக்கத்துத் திறந்த பெஞ்சுகள் சும்மா மலிவு டிக்கெட் இடம் அல்ல. பாரன்ஸ் ஆட்டத்துக்கு வரும் கறுப்பின மக்களை ஒதுக்கி உட்காரவைத்த இடம். பாரன்ஸ் வெளியூர் போகும் நாட்களில் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது கறுப்பின வீரர்களின் அணியான பிளாக் பாரன்ஸ். அந்த நாட்களில் அதே மக்கள் கூரைக்குக் கீழே மேடையில் உட்கார்ந்தார்கள். ஒரே மைதானம், அணி மாறினால் யாருக்கு நிழல் என்பதும் மாறும்.

பிளாக் பாரன்ஸ், கறுப்பின அணிகளுக்கென்று இருந்த நீக்ரோ லீக்குகளில் ஒன்றான நீக்ரோ அமெரிக்கன் லீக்கை 1943, 1944, 1948 மூன்று முறை வென்றது. மூன்று முறையும் உலகத் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸிடம் தோற்றது. 1948 தொடர்தான் நீக்ரோ லீக் உலகத் தொடர்களில் கடைசி. பிளாக் பாரன்ஸுக்கு ஆடிய மேஸுக்கு அப்போது 17 வயது, பள்ளி மாணவர், மேலாளர் பைப்பர் டேவிஸ். அந்தத் தொடரில் பர்மிங்ஹாம் ஜெயித்தது ஒரே ஆட்டம். ரிக்வுட்டில் நடந்த அதை முடித்துவைத்தது மேஸ் அடித்த சிங்கிள் (ஒரு பேஸ் அடி), ஓடிவந்து ஓட்டம் எடுத்தவர் பில் கிரீசன். 2024இல் முதல் பந்தைச் சம்பிரதாயமாக வீச அதே கிரீசனைத்தான் அழைத்தார்கள், வயது 99.

இன்னொன்று. 1950இல் நகரம் ஒரு சட்டம் வைத்திருந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து சீட்டு, செக்கர்ஸ், பேஸ்பால் எதுவும் ஆடக்கூடாது. 'செக்கர்ஸ் சட்டம்' என்றே பெயர். பாரன்ஸ் இருந்த சதர்ன் அசோசியேஷன் 1961இல் கலைந்தது. 1962, 63 இரண்டு வருஷம் ரிக்வுட்டில் தொழில்முறை அணியே கிடையாது. 1964இல் இரு இனத்தவரும் சேர்ந்த அணியாக பாரன்ஸ் திரும்பியது.

இடதுகை

அப்படியானால் 2024 ஜூன் 20 ஆட்டத்தை 'ரிக்வுட்டில் முதல் மேஜர் லீக் ஆட்டம்' என்று சொன்னதே தப்பாச்சே? 2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே 1920–1948 நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் தரம் என்று ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் புள்ளிவிவரத்தையும் சேர்த்தது. மேஸின் மொத்த ஹிட் 3,283இலிருந்து 3,293 ஆனது அப்படித்தான், 1948இல் பிளாக் பாரன்ஸுக்காக அடித்த பத்து. ஹிட் மேஜர் லீக் ஹிட் என்றால் அது விழுந்த புல் மட்டும் எப்படி மைனர் லீக் புல்லாகும்?

எஃகுத்தூண்

வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் 'அமெரிக்கன், நேஷனல் லீக் அணிகள் அலபாமாவில் ஆடிய முதல் சீசன் ஆட்டம்' என்று சொன்னால் தப்பில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 6, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 5. இரண்டு நாள் முன்பு, ஜூன் 18, அதே களத்தில் பாரன்ஸும் மான்ட்கோமரியும் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் மேஸ் இறந்த செய்தி அரங்கில் அறிவிக்கப்பட்டது. 93 வயது.

இடதுகை

'முதல்' என்ற சொல்லுக்கு அடைமொழி போட வேண்டும், அதைத்தான் சொல்கிறேன். 'மிகப் பழைய' என்பதற்கும் அப்படியே. ஒன்டாரியோ லண்டனின் லபாட் பார்க்கில் 1877 முதல் ஆட்டம் நடக்கிறது, அரிசோனா பிஸ்பியின் வாரன் பால்பார்க் 1909. ரிக்வுட்டின் பலம் தேதி அல்ல, 1910இன் மேடை இன்னும் நிற்கிறது என்பது. வாரனில் இன்றிருக்கும் மேடை 1930களில் கட்டியது.

செவ்வந்தி

போய்ப் பார்க்கிறவர்களுக்கு எங்க உட்கார்றதுன்னு யாராவது சொல்லுங்க.

எஃகுத்தூண்

கூரையைத் தாங்கும் தூண்கள் இருக்கைகளுக்கு நடுவிலேயே வரும். அந்தக் கால மைதானங்களில் நீட்டுக் கூரையைத் தூணில்லாமல் போடுவது அரிது. தூணுக்கு நேர் பின்னால் இரண்டு மூன்று வரிசைக்குள் உட்கார்ந்தால் பிட்சரோ முதல் பேஸோ ஒன்று மறையும். தூணுக்கு முன்னால் கீழ் வரிசையில் வெயில். நான் சொல்வது மூன்றாம் பேஸ் பக்கம், கூரைக்குக் கீழே, இரண்டு தூணுக்கு நடு மத்தியில். அங்கிருந்து வலது பக்கக் கூரை வளைந்து போவதும், விளக்குக் கோபுரங்கள் களத்துமேல் சாய்ந்திருப்பதும் ஒரே பார்வையில் கிடைக்கும். டிக்கெட் எடுக்கும்போதே தூண் இருக்கிற வரிசை எது என்று கேட்டுவிடுங்கள்.

கொக்கிப்பந்து

கடைசியாக ஒன்று. 1931 டிக்ஸி சீரீஸ் (சதர்ன் அசோசியேஷன் வென்ற அணிக்கும் டெக்சஸ் லீக் வென்ற அணிக்கும் நடுவிலான தொடர்) ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வந்தார்கள் என்கிறார்கள். இருக்கையே சுமார் 10,000 சொச்சம்தானே? மிச்சப் பேர் எங்கே?

ஸ்கோர்புத்தகம்

களத்திலேயே. அந்தக் காலத்தில் கூட்டம் வழிந்தால் அவுட்ஃபீல்டின் ஓரத்தில் கயிறு கட்டி அதற்குப் பின்னால் நிற்கவைப்பது நாடெங்கும் வழக்கம். பந்து கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் உருண்டால் இத்தனை பேஸ் என்று ஆட்டத்துக்கு முன்பே இரு மேலாளர்களும் அம்பயரும் பேசிக்கொள்வார்கள். நடுவில் 470 அடி இருந்ததன் பலன் இங்கே: முப்பது நாற்பது அடி ஆள் நிறுத்தினாலும் ஆட இடம் மிச்சம்.

அன்றைக்கு ஹூஸ்டனுக்கு வீசியது 21 வயது டிஸ்ஸி டீன், பாரன்ஸுக்கு 43 வயது ரே கால்டுவெல். பாரன்ஸ் 1–0. கால்டுவெல் யாரென்றால், 1919இல் கிளீவ்லண்டில் மேட்டில் நிற்கும்போதே மின்னல் தாக்கி விழுந்து, எழுந்து, கடைசி ஆளையும் அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தவர். டீனுக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்காதீர்கள்.

கொக்கிப்பந்து

கேட்கவில்லை. :) ட்ரோப்போவின் X குறியை மேடையிலிருந்தே பார்க்க முடியுமா?

இடதுகை

உள்வேலியைத் தாண்டிப் போக வேண்டும். ஆட்டம் இல்லாத நாளில், அனுமதி கேட்டுக்கொண்டு, வேலிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவிலுள்ள இடத்துக்குள் நடந்து போங்கள். சுவரை ஒட்டி நின்று திரும்பி ஹோம் பிளேட்டைத் தேடிப் பாருங்கள்.